பாதரசத்தைக் கரி பிடிக்குமா? கரிக்காரரிடம் சில கேள்விகள்

காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி ஆலைகளில் 22 வருசமாகத் தரச்சோதனை பார்த்து வருகிறேன். பாதரச மாசைக் கரியால் எடுப்பது பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளகோவில் தென்னை விவசாயி: எங்க தேங்காய்த் தொட்டியில செய்யற கரி பாதரசத்தை எடுக்கும்ங்கறாங்க. சும்மா சுட்ட கரியே போதாதுங்களா?

போதாதுங்கண்ணா. சுட்ட கரியில் துளைகள் பாதி அடைபட்டே இருக்கும். 900 டிகிரி வாக்கில் நீராவி கொடுத்தால்தான் உள்ளே திறக்கும். அப்போது ஒரே ஒரு கிராம் கரிக்குள் 1000 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். நம்ம கணக்கில் 25 சென்ட் நிலம்!

அதுவும் பாதரசத்துக்குப் பத்தாது. வெறும் கரியில் பாதரசம் மேலாக ஒட்டும், சூடு பட்டால் கழன்றுவிடும். அதனால்தான் கரியில் கந்தகம் ஏற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் பாதரச சல்பைடு. தண்ணீரில் அனேகமாகக் கரையவே கரையாது. சித்த வைத்தியர்கள் சாதிலிங்கம் என்று சொல்வது இந்தப் பொருளைத்தான். ரசத்தை, அதாவது பாதரசத்தை, கந்தகம் கட்டும் என்பது நம் ஊருக்குப் புதுச் சேதி இல்லை.

ஈரோடு எம்.எஸ்சி. மாணவி: ப்ராஜெக்ட்டுக்குக் கரி வாங்கணும் சார். ஐயோடின் நம்பர் 1100 இருக்கறதா பார்த்து வாங்கினா சரியா? கந்தகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இரண்டுமே இல்லைம்மா. ஐயோடின் நம்பர் என்பது ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் ஐயோடினைப் பிடிக்கும் என்ற எண். அது பரப்பைக் காட்டும், பாதரசத்தைப் பிடிக்கும் திறனைக் காட்டாது. விற்பனைத்தாளில் அந்த எண்ணைப் பெரிதாகப் போடுவார்கள், ஏமாந்துவிடாதே. கந்தகத்தைக் கொட்டினால் அது கட்டிகட்டியாகத் துளை வாயில் உட்கார்ந்து வழியை அடைத்துவிடும். காற்றுப் புகாமல் 400 முதல் 600 டிகிரிவரை சூடாக்கினால் கந்தகம் உள்ளே பரவிக் கரியோடு பிணையும். அதே கந்தக அளவு, வேலை செய்யும் விதம் வேறு. எத்தனை சதவீதம் என்று கேட்பதைவிட எப்படி ஏற்றினார்கள் என்று கேள்.

இன்னொன்று, இதைத்தான் பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சி வடித்த சுத்த நீரில் பாதரச உப்பைக் கரைத்துச் சோதித்துவிட்டு 99 சதவீதம் எடுத்துவிட்டது என்று எழுதுவார்கள். நிஜக் கழிவில் உப்பு இருக்கும். குளோரைடு பாதரசத்தோடு சேர்ந்து அதைத் தண்ணீரிலேயே இழுத்து வைத்துக்கொள்ளும். சாயக்கழிவு மாதிரி உப்பேறிய தண்ணீரிலும் சோதித்துப் பார். அமிலத்தன்மையை மாற்றிப் பார். பிடித்த பாதரசம் திரும்பக் கசிகிறதா என்று கரியை ஊறவைத்தும் பார். அந்த மூன்றும் இருந்தால்தான் உன் ஆய்வை ஆலைக்காரர் மதிப்பார்.

மேட்டூர் அன்பர்: அனல்மின் நிலையப் புகையில பாதரசம் வருமா? அங்கயும் கரிதானா?

நிலக்கரியில் துளியளவு பாதரசம் உண்டுங்க. எரியும்போது ஆவியாகிப் புகையோடு போகும். நம் நாட்டில் 2015 டிசம்பரில் வந்த விதி, கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. வெளிநாட்டு நிலையங்கள் சிலவற்றில் புரோமின் ஏற்றிய கரிப்பொடியைப் புகைக்குழாயில் ஊதுகிறார்கள். தனிமப் பாதரசம், அதாவது வேறு எதோடும் சேராத பாதரசம், சாதாரணக் கரியில் சுலபமாக ஒட்டாது. புரோமின் அதை வேறு சேர்மமாக மாற்றுவதால் ஒட்டும். பிறகு அந்தப் பொடி சாம்பலோடு சேர்ந்து சாம்பல் பிடிக்கும் கருவியில் விழும். ஆக, அந்தச் சாம்பலில் இப்போது பாதரசம் இருக்கிறது. சிமெண்டுக்கும் செங்கலுக்கும் போகிற சாம்பல் என்பதை மறக்கக் கூடாது.

கோவை நகைத் தொழிலாளி: பட்டறைத் தூசியில இருந்து தங்கம் எடுக்க ரசம் போட்டு, அப்புறம் சூடு பண்ணுவோம். முகத்துல துணி கட்டிக்கிறேன். போதுமா தம்பி?

அண்ணா, துணி ஒரு துளியும் தடுக்காது. பாதரச ஆவிக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும், நீங்களோ அடுப்பில் வைக்கிறீர்கள். நரம்பும் சிறுநீரகமும் கெடும். மூடிய பாத்திரத்தில் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து ரசத்தைத் திரும்பப் பிடியுங்கள். மிச்சம் வருகிற காற்றைக் கந்தகக் கரி வழியே வெளியே விடுங்கள். முகமூடி என்றால் பாதரச ஆவிக்கென்றே உள்ள கரிக்குப்பி கொண்டது. வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கிற இடத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். கையெடுத்துக் கேட்கிறேன்.

பெருந்துறை அக்கா: போர்த் தண்ணியைக் கொதிக்க வெச்சா பாதரசம் போயிடுங்களா?

தண்ணீரைச் சுத்தம் செய்ய அது வழியில்லைங்க்கா, சமையலறைக் காற்றில்தான் கொஞ்சம் சேரும். முதலில் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

சென்னிமலை தம்பி: வேலை முடிஞ்ச கரியை மறுபடி சூளையில போட்டுப் புதுசாக்கலாமாண்ணா? பாதி விலைக்குக் கிடைக்குது.

வேண்டாம் தம்பி. மற்ற அழுக்கைப் பிடித்த கரியைச் சூளையில் புதுப்பிக்கலாம். பாதரசக் கரியைச் சூடாக்கினால் பிடித்ததெல்லாம் ஆவியாகிச் சூளைக்காரர் மூக்கில்தான் ஏறும். கரி பாதரசத்தை அழிப்பதில்லை, ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான்.

ஒருமுறை எங்கள் ஆலைக்கு ஒரு வியாபாரி, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் பழைய கரி மூட்டைகளை இறக்கப் பார்த்தார். சோதித்ததில் பாதரசம் இருந்தது, திருப்பி அனுப்பினோம். இன்றும் அந்த மூட்டைகள் எந்தச் சூளைக்குப் போயினவோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இறுக்கி மூடிய டிரம்மில் போட்டு, பெயரெழுதி, அனுமதி பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புவதே முறை. பாதி விலைக் கரி வந்தால், அது இதற்குமுன் எதைப் பிடித்தது என்று எழுத்தில் கேள். எழுதித் தர மறுத்தால் லாரியைத் திருப்பிவிடு, வாரியத்துக்கும் சொல்லிவிடு.