மல்கோவாவுக்கு மருந்து அப்புறம், முதலில் அடியில் இருக்கும் கல்லை எடுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா வைத்த மல்கோவா மரம் இருக்கிறது. வயது அறுபதுக்கு மேல். இரண்டு வருடமாகக் கிழக்குப் பக்கக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. மற்ற கிளைகளில் இலை ஓரம் கருகுகிறது. அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் இரண்டு ஓட்டை, அதிலிருந்து மரத்தூள் கொட்டுகிறது. அதற்கு மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்தும் உண்டு. இந்த வருடம் இருபது காய்கூட இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கார் நிறுத்துவதற்காகக் கிழக்குப் பக்கத்தைத் தோண்டிச் சமப்படுத்தி, மரத்தடி வரை பேவர் கல் பதித்தோம். மற்றபடி மரத்தை ஒன்றும் செய்யவில்லை. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் தினமும் அதற்குத்தான் விடுகிறேன். உரக்கடைக்காரர் தண்டில் துளைபோட்டு ஊசி மருந்து ஏற்றலாம், காய்ப்புக்குக் கல்டார் ஊற்றலாம், பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டார் வெட்டிவிடச் சொல்கிறார்கள். கடலூரில் தங்கை வீட்டுப் பலா 2011 தானே புயலில் கூரைமேல் விழுந்ததிலிருந்து எனக்கும் உள்ளூரப் பயம். எந்த மருந்து வாங்கட்டும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சேலம்

பதில்: அம்மா, வணக்கம். மரத்தூள் கொட்டுவது தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை. அதற்கு வழி சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுவல்ல. “மற்றபடி ஒன்றும் செய்யவில்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றது. மூன்று வருடத்துக்கு முன் அந்த மரத்துக்கு நடந்தது சின்ன விஷயமில்லை.

மாமரத்தின் ஆணிவேர் ஆழம் போகும், சரி. ஆனால் தண்ணீரும் சத்தும் எடுக்கும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடிக்குள் இருக்கிறது. கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டியும் அது ஓடும். அந்த வேர் மூச்சு விட மண்ணில் காற்று வேண்டும். பேவர் கல் எப்படிப் பதிக்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். மண்ணைச் செதுக்கி, கிராவல் கொட்டி, மிஷின் ஓட்டி இறுக்கி, கிரஷர் தூள் பரப்பி, அதன்மேல்தான் கல். செதுக்கும்போதே கிழக்குப் பக்க வேர் பாதி போயிருக்கும். மிச்சம் இருந்ததை இறுக்கி மூடிவிட்டோம். பெரிய மரம் இதை உடனே காட்டாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்ததைக் கொண்டு ஒரு வருடம் ஓட்டும், இரண்டு வருடம் ஓட்டும், பிறகுதான் நுனி காயும். வேர் அறுந்த அதே கிழக்குப் பக்கத்தில் கிளை காய்கிறது என்றால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். தண்டுத் துளைப்பான் வண்டும் தளர்ந்த மரத்தைத் தேடித்தான் முட்டை வைக்க வரும். புழு பின்னால் வந்த நோய். முதல் நோய் தரையில் இருக்கிறது.

சேலத்தில் இப்போது வாசலில் ஒரு சாண் மண் தெரிந்தால்கூட அழுக்கு என்று நினைக்கிறார்கள். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரில், மல்கோவாவும் இமாம்பசந்தும் நின்ற வீடுகளில், மரத்தின் கழுத்துவரை கல்லும் சிமெண்டும். எனக்கு இது வயிறெரிகிற விஷயம். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் காங்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே தில்லியில் உத்தரவு போட்டது. நம் வீட்டு வாசலுக்கு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் மரத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ஆறடிக்குக் கல்லை எடுத்துவிடுங்கள். பத்தடி முடிந்தால் இன்னும் நல்லது. கார் தெருவில் நிற்கட்டும். ஜேசிபி வேண்டவே வேண்டாம், ஆள் வைத்துக் கையால் எடுக்கச் சொல்லுங்கள். கிராவலையும் தூளையும் வாரிய பிறகு, இறுகிய மண்ணைத் தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் குத்தி லேசாக நெகிழ்த்தினால் போதும், கொத்திப் புரட்டக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி மண் ஏறியிருந்தால், வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை விலக்குங்கள். பட்டை மண்ணுக்குள் புதைந்து கிடந்தால் அழுகும்.

பிறகு மக்கிய தொழு உரம் 50 கிலோ பரப்பி, மேலே நான்கு அங்குலத்துக்குச் சருகு போடுங்கள். தண்டிலிருந்து ஓரடி விட்டுப் போட வேண்டும். அந்த மரம் கொட்டும் இலையே போதும், கூட்டி எரிக்காதீர்கள். இந்த வருடம் யூரியா, காம்ப்ளக்ஸ் எதுவும் வேண்டாம். வேர் இல்லாத மரத்துக்கு உப்பு உரம் கொடுத்து என்ன பயன்?

உப்பு என்றதும் அந்த ஆர்.ஓ. தண்ணீர். நல்ல மனதோடுதான் விடுகிறீர்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் மெஷின் வெளியே தள்ளுவது உங்கள் போர் தண்ணீரின் உப்பைச் சுண்டக் காய்ச்சிய மாதிரியான தண்ணீர். சேலத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் சும்மாவே கடினம். தினமும் அதையே ஊற்றினால் இலை ஓரம் கருகத்தான் செய்யும். அதை வாசல் கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மழைத்தண்ணீர் இறங்கட்டும். மழை இல்லாதபோது குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தண்டை ஒட்டி விடாமல் கிளை நிழல் விழும் ஓரத்தில், மண் ஆழமாக நனையும்படி விடுங்கள்.

இப்போது புழு. ஈரமான புதுத் தூள் வரும் ஓட்டையில்தான் உயிருள்ள புழு இருக்கும். பழைய சைக்கிள் ஸ்போக்ஸின் நுனியைக் கொக்கிபோல் வளைத்து உள்ளே விட்டு, தூளைச் சுரண்டி, புழுவைக் குத்தி வெளியே இழுங்கள். விரல் பருமனுக்கு இருக்கும். எட்டாவிட்டால் பெட்ரோலில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, செம்மண்ணும் சாணியும் குழைத்து ஓட்டையை அடையுங்கள். நெருப்பு பக்கத்தில் கூடாது. பத்து நாள் கழித்துப் பாருங்கள், புதுத் தூள் வந்தால் மறுபடியும் அதே வேலைதான். கடையில் மோனோகுரோட்டோபாஸ் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2005-லேயே காய்கறிக்குத் தடை செய்யப்பட்ட நஞ்சு அது. பேரப்பிள்ளைகள் பழம் பொறுக்கும் வாசலுக்கு ஆகாது.

உரக்கடைக்காரர் சொன்ன மூன்றும் உங்கள் மரத்துக்குக் கேடு. ஊசி ஏற்ற அவர் போடும் ஒவ்வொரு துளையும் தளர்ந்த மரத்துக்குப் புதுக் காயம், அழுகலுக்குப் புது வாசல். கல்டார் என்பது மரத்தின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்திப் பூக்கத் தூண்டும் மருந்து. திடமான தோப்பு மரத்துக்கு அளவு பார்த்துக் கொடுப்பது வேறு விஷயம். தழைத்து எழ வேண்டிய கிழமரத்துக்கு அதை ஊற்றுவது, படுத்திருப்பவரை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வதற்குச் சமம். மல்கோவா ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் ஓய்வெடுக்கும் சாதி வேறு. எந்த மருந்தில் கமிஷன் அதிகமோ அந்த நோயைத்தான் கடையில் கண்டுபிடிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஓட்டையையும் இலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். அவர்கள் மருந்து விற்றுப் பிழைப்பவர்கள் இல்லை.

சிமெண்ட் விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். அம்மாபேட்டையில் எங்கள் தாத்தா வீட்டு மரத்தின் பொந்தை ஒரு மேஸ்திரியை வைத்து அழகாகப் பூசி மூடினோம். மரம் காற்றில் ஆடும், சிமெண்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவே விரிசல் விட்டு, மழைத்தண்ணீர் உள்ளே தேங்கி, வெளியே தெரியாமல் அழுகி, ஒரு சித்திரை மாதக் காற்றில் சிமெண்ட் இருந்த இடத்திலேயே முறிந்தது. காயம்பட்ட இடத்தைச் சுற்றி மரம் தானே ஒரு தடுப்பு கட்டிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை 1970-களிலேயே மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டிவிட்டார். அந்தத் தடுப்பை நாம் சுரண்டி உடைக்காமல் இருந்தால் போதும். பொந்தில் குப்பையை மட்டும் கையால் எடுத்துவிட்டுத் திறந்தே விடுங்கள்.

விழுமா என்ற பயத்தைத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். கடலோரத்தில் புயல் மணிக்கணக்கில் அடிக்கும், மண் ஊறிக் குழைந்து போகும், மரம் வேரோடு சாயும். சேலத்துக்கு அந்த வேகத்தில் காற்று வருவது அரிது. நமக்கு ஆபத்து சித்திரை, வைகாசிக் கோடைமழைக்கு முன் வரும் சுழற்காற்று. அதில் காய்ந்த கிளை ஒடியும், வேர் அறுந்த மரமும் சாயலாம். அதனால் மூன்றைப் பாருங்கள். அடியில் காளான் முளைத்திருக்கிறதா? மரம் சாய்ந்து, எதிர்ப்பக்க மண் விரிசல் விட்டிருக்கிறதா? மரச்சுத்தியலால் தட்டினால் சுற்றிலும் உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் டொக்கு விழுந்த சத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அனுபவமுள்ள ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும், அதுவரை அதன்கீழ் யாரும் படுக்க வேண்டாம். மூன்றும் இல்லையென்றால் வெட்டக் காரணமில்லை.

காய்ந்த கிளைகளை இந்த ஆடி, ஆவணிக்குள் எடுத்துவிடுங்கள். ஆள் வந்ததும் மொட்டையடிக்கத்தான் பார்ப்பான், விடாதீர்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பக்கக்கிளை பிரியும் வளையத்தை ஒட்டி வெட்டச் சொல்லுங்கள். கனமான கிளையில் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. புல்லுருவி இருந்தால் அது பிடித்த இடத்துக்குக் கீழேயே வெட்ட வேண்டும். பருத்த வெட்டுக்குப் போர்டோ பசை பூசுங்கள். 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் சுண்ணாம்பு, இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

தழைக்க இரண்டு வருடம் ஆகும். அதற்குள் ஒரு வேலை செய்து வையுங்கள். அப்பா வைத்த மரம் என்கிறீர்கள். கொட்டை போட்டால் அதே மல்கோவா வரும் என்று நம்ப முடியாது, ஒட்டுக்கட்டினால்தான் வரும். இப்போது ஒட்டுக்கட்டும் பருவம்தான். மேற்குப் பக்கம் நோயில்லாத கிளையில், பென்சில் பருமனில் மூன்று நான்கு மாதக் குச்சிகளாகப் பத்துப் பார்த்து வையுங்கள். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் நிறுத்துங்கள். மொட்டு லேசாகப் புடைத்ததும் வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, நம்பிக்கையான நாற்றங்காலுக்கு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.