செபமாலையில் பிள்ளை நெளிகிறானா?

கேள்வி: தினமும் இரவு குடும்ப செபமாலை (மணிகளை உருட்டி மாதாவை வேண்டும் கத்தோலிக்க செபம்) சொல்கிறோம். 6 வயது மகன் இரண்டாம் பத்திலேயே (பத்து மணிகள் கொண்ட பகுதி) நெளிகிறான், தூங்கிவிடுகிறான். அதட்டி உட்கார வைக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அதட்ட வேண்டாம். செபம் தண்டனையாகிவிட்டால் வளர்ந்தபின் அதைத் தொடவே மாட்டான். ஐந்து பத்துகள், மரியாவை வாழ்த்தி வேண்டும் மங்கள வார்த்தை செபம் 53 முறை, கடைசியில் மன்றாட்டுமாலை என்ற வேண்டுதல் வரிசை... 6 வயதுக்கு இது அதிகம். அவனுக்கு ஒரு பத்து போதும். மிஞ்சினால் 5 நிமிடம். பிறகு எழுந்து போகட்டும், நீங்கள் தொடருங்கள்.

சாப்பாட்டுக்கு முன்பே தொடங்குங்கள். வயிறு நிறைந்தால் பெரியவர்களுக்கே கண் சொக்கும்!

மங்கள வார்த்தை செபம் முழுவதையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். முன்பாதியை நீங்கள் சொல்ல, 'புனித மரியே' என்று தொடங்கும் பின்பாதியை அவன் சொல்லட்டும். அது பழகியபின் மாற்றிக்கொள்ளலாம். மணிகளை அவனே உருட்டட்டும். கைக்கு வேலை இருந்தால் நெளிவது குறையும். பத்துக்கு முன் அன்றைய மறையுண்மையை (தியானிக்க வேண்டிய இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வு) ஒரே வரியில் சொல்லுங்கள். திங்கள், சனியின் மகிழ்ச்சி மறையுண்மைகளில் இயேசு பிறப்பு இருப்பதால் அங்கே தொடங்குவது எளிது. யாருக்காக வேண்டுவது என்பதை அவனே சொல்லட்டும், பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்காக என்றாலும் சரி. முதல் நற்கருணை (திருப்பலியில் முதன்முறை திவ்விய அப்பம் பெறுவது) வகுப்புக்குப் போகும் வயதில் இரண்டு, மூன்று பத்தாகக் கூட்டலாம்.