மாமாவும் மலைப்பூண்டும்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 68. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். "மலைப்பூண்டு அடைப்பைக் கரைத்துவிடும்" என்று தினமும் வெறும் வயிற்றில் ஆறு பல் பச்சையாக மெல்லுகிறார். இரண்டு வாரமாகப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். சீக்கிரமே ஒரு பல்லைப் பிடுங்கவும் வேண்டும். பூண்டு பயிரிட்டுக் குடும்பத்தைக் கரையேற்றியவர். அவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, பூம்பாறை

பதில்: பூண்டை விடச் சொல்ல வேண்டாம். பச்சையாக மெல்லுவதை மட்டும் இன்றைக்கே விடச் சொல்லுங்கள்.

பூண்டுப் பல் முழுசாக இருக்கும்வரை சாது. கடித்தாலோ நசுக்கினாலோதான், உள்ளே தனித்தனியாக இருந்த அல்லீனும் அல்லினேஸ் என்ற நொதியும் சேர்ந்து அல்லிசின் உண்டாகிறது. மூக்கில் ஏறும் நெடி அதனுடையதுதான். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் குணம் பச்சைப் பூண்டுக்கு உண்டு. மாமாவின் இரண்டு மாத்திரைகளும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மூன்றும் சேர்ந்தால் ரத்தம் நிற்கத் தாமதமாகும். கொழுப்பைப் பூண்டு கொஞ்சம் குறைக்கலாம். இருக்கிற அடைப்பை அது கரைக்காது.

முழுப் பல்லாக வேகவைத்தால் நொதி செத்துவிடும், வீரியமும் அடங்கிவிடும். அதனால் குழம்பு, ரசத்தில் போடும் பூண்டுக்குப் பயப்பட வேண்டாம். காலையில் கை பரபரக்கிறது என்றால், ஐந்தாறு பல்லைப் பாதிப் பால் பாதித் தண்ணீரில் குழைய வேகவைத்து, மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுக் கொடுங்கள்.

எனக்கு உண்மையான பயம் வேறு. பல் பிடுங்கப் போகிறோம் என்று அவரே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. பல் மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டுங்கள், பூண்டு கதையையும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாமா சொல்ல மாட்டார். அவர் கணக்கில் அது சாப்பாடு. ஈறு வீக்கத்தாலும் ரத்தம் வரும் என்பதால் அதையும் பார்த்துவிடுவது நல்லது.

வலிக்கிற பல்லில் பூண்டை நசுக்கி அதக்கிக்கொள்வார், அதையும் தடுங்கள். சின்ன வயதில் எனக்குக் கணுக்கால் சுளுக்கியபோது பாட்டி பூண்டை அரைத்து இரவு முழுக்கக் கட்டிவைத்தார். காலையில் துணியோடு தோலும் வந்தது. சுளுக்கு மூன்று நாளில் போய்விட்டது. கொப்புளம் ஆற மூன்று வாரம்.

அப்புறம், எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். "பூண்டு கெடுதல் மாமா" என்று ஆரம்பித்தால் தோற்றுவிடுவீர்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, சும்மாவா? "உங்க பூண்டு ரொம்ப வீரியம் மாமா, மாத்திரையோட சண்டைக்கு நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். பொய்யும் இல்லை.

இதற்கிடையில் மலம் தார் போலக் கறுத்தாலோ, ஈறு ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டி பிடித்துக் கொடைக்கானல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.