கடைச் சத்தத்தில் கணக்கு தப்புகிறதா?

கேள்வி: எனக்கு 67 வயது. மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை. 40 வருடமாகச் சந்தடிக்கு நடுவில்தான் சிட்டை எழுதி வருகிறேன். இப்போது பக்கத்தில் யாராவது பேசினாலே கூட்டல் விட்டுப்போகிறது. யார் யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. மகன், மறதி நோயாக இருக்குமோ என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, பாக்கிக் கணக்கு மனதில் நிற்கிறது, சத்தம் வந்தால்தான் கூட்டல் தப்புகிறது என்கிறீர்கள். இதை மட்டும் வைத்து மறதி நோய் என்று நான் சொல்லமாட்டேன். வயது கூடும்போது பெரும்பாலோரிடம் காணும் மாற்றம்தான் இது.

கவனத்துக்கு இரண்டு வேலை உண்டு. வேண்டியதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேண்டாததை உள்ளே விடாமல் தள்ளவும் வேண்டும். வயதானால் முக்கியமாகத் தளர்வது இரண்டாவது வேலை. 2005-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளை ஸ்கேனில் பார்த்தார்கள். முகப் படங்களும் இயற்கைக் காட்சிகளும் மாறி மாறி வரும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். வேண்டிய படத்தைக் கவனிப்பதில் முதியவர்களின் மூளை இளைஞர்களுடையது போலவே வேலை செய்தது. ஆனால் விட்டுவிடச் சொன்ன காட்சிகளை இளைஞர்களின் மூளை அடக்கிய அளவுக்கு அவர்களுடையது அடக்கவில்லை.

உங்கள் கடையிலும் இதுதான் நடக்கிறது. லோடு இறக்குபவர் போடும் சத்தம் அன்றைக்கும் காதில் விழுந்தது. மனது அதைத் தள்ளிவிட்டது. இன்று அது கூட்டலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இன்னும் உன்னிப்பாக இருக்கப் பாடுபடுவதைவிட, உள்ளே வருவதைக் குறைப்பதுதான் பலன் தரும்.

முதலில் காதைப் பாருங்கள். பலர் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள். பேச்சில் ‘ச’, ‘த’ போன்ற எழுத்துகள் தெளிவில்லாமல் போகும். சந்தடியில் விட்டுப்போன எழுத்தை ஊகிப்பதற்கே மூளை உழைத்தால், கூட்டலுக்கு என்ன மிஞ்சும்? அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதைக் காட்டலாம். கருவி தேவை என்றால் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். வயதானவர்களில் பெரும்பாலோருக்குக் காலையில்தான் மனது தெளிவாக இருக்கும். வேண்டாததைத் தள்ளும் திறனும் அப்போது கூடுதல் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நேற்றைய சிட்டையைக் கடை திறக்கும் முன், வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கடையில் கூட்டும்போது யாராவது கூப்பிட்டால், அதுவரை வந்த தொகையைப் பென்சிலால் ஓரத்தில் குறித்த பிறகு நிமிருங்கள். அந்த நேரத்தில் போனைப் பையன் எடுக்கட்டும். தெருவைக் கடக்கும்போதும் போன் வேண்டாம். நடந்துகொண்டே பேசுவதும் இரண்டு வேலைதான், கால் தடுமாறும்.

மாத்திரைகளையும் பாருங்கள். தூக்க மாத்திரை, மயக்கம் தரும் சளி, அரிப்பு மாத்திரைகள் முதியவர்களின் கவனத்தைக் கலைக்கும். தைராய்டு, பி12 குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் கவனம் குறையும். இவை சரிசெய்யக்கூடியவை.

சரி, மகனின் பயத்தையும் ஒதுக்க வேண்டாம். அமைதியான இடத்திலும் பழகிய கணக்கு புரியாமல் போவது, வாங்கிய பாக்கியை மறந்து மறுபடி கேட்பது, தெரிந்த வழி தவறுவது, இதெல்லாம் இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமித் தொற்றோ, ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்ததோ காரணமாக இருக்கலாம். போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். உங்களுக்குத் தெரியாமல் நடப்பதை அவர்தான் மருத்துவரிடம் சொல்ல முடியும்.