பாரிஸின் இடுகாடுகளை எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: பாரிஸில் எனக்கு ஒரு நாள் மட்டுமே கிடைக்கிறது. மரணம் பற்றிய மக்களின் மனப்போக்கு மாறிவந்த விதத்தை அந்நகரின் இடுகாடுகள் வழியே அறிய விரும்புகிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்: பெரும்பாலோர் நேரே பெர் லஷேஸ் இடுகாட்டுக்குச் சென்று, புகழ்பெற்றவர்களின் கல்லறைகளைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இன்று இடுகாடே இல்லாத ஓரிடத்தில், லே ஆல் பகுதியிலுள்ள இன்னொசான் நீரூற்றுச் சதுக்கத்தில் தொடங்குங்கள். பல நூற்றாண்டுகள் அங்கே பெரிய பொதுக்குழிகளில் உடல்களை அடுக்கிப் புதைத்து, மக்கிய பின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மதிலோர எலும்புக்கூடங்களில் குவித்தார்கள். அருகிலேயே சந்தையும் நடந்தது. தேவாலயத்தின் அரவணைப்பில் கிடந்தால் போதும் என்றிருந்த எளிய மக்கள், தங்களுக்கெனத் தனிக்குழியையோ பெயர்க்கல்லையோ எதிர்பார்க்கவில்லை.

துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்ற கருத்து 18ஆம் நூற்றாண்டில் வலுத்திருந்த வேளையில், 1780இல் பக்கத்து வீடொன்றின் நிலவறைச் சுவர் இடிந்து பிணங்கள் உள்ளே சரிந்தன. அந்த ஆண்டே இடுகாடு மூடப்பட்டது. 1786 முதல் எலும்புகள் மூடிய வண்டிகளில், இரவு வேளைகளில், பாதிரியார்களின் செபத்தோடு பழைய கல்குவாரிச் சுரங்கங்களுக்குச் சென்றன. ஆகவே அடுத்து தான்ஃபேர்-ரோஷ்ரோ சதுக்கத்தில் அச்சுரங்கங்களுக்குள் இறங்குங்கள். அங்குள்ள கற்பலகைகளைப் படித்துப் பாருங்கள்: எந்த இடுகாட்டிலிருந்து, எந்த ஆண்டில் வந்த எலும்புகள் என்றே பொறித்திருக்கும், இறந்தவர் பெயர் இராது.

அதன் பிறகு பெர் லஷேஸ். 1804ஆம் ஆண்டின் அரசாணை, இடுகாடுகள் ஊருக்கு வெளியே அமையவேண்டும், ஒவ்வோர் உடலுக்கும் தனிக்குழி வேண்டும், ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இருக்கவேண்டும் என்று விதித்ததோடு, குடும்பங்கள் கல்லறை நிலத்தை விலைக்கு வாங்கவும் வழி செய்தது. தொலைவு கருதி முதலில் தயங்கிய மக்களை ஈர்க்கவே 1817இல் நாடகாசிரியர் மொலியேர், நீதிக்கதைக் கவிஞர் லா ஃபோந்தேன் ஆகியோரின் எச்சங்களை அங்கே கொண்டுவந்தார்கள். பல கல்லறைகளில் 'நிரந்தர உரிமை' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொற்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த இறந்தவர்கள் குடும்பத்தின் உடைமையானதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை என்பேன். ஆயினும் நிலம் வாங்க இயலாத ஏழைகள் பல பத்தாண்டுகள் பொது அகழிகளிலேயே புதைக்கப்பட்டார்கள் என்பதை மறக்கலாகாது.

1887ஆம் ஆண்டுச் சட்டம் இறுதிச் சடங்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தபின், 1889இல் அதே வளாகத்தில் தகனமேடை இயங்கத் தொடங்கியது. கத்தோலிக்கத் திருச்சபை தகனத்துக்கு விதித்திருந்த தடையைத் தளர்த்தியது 1963இல்தான். அஸ்தி மாடங்களுக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவற்றைக் கடைசியாகப் பார்த்தால், கம்பெத்தா மெட்ரோ பக்கமுள்ள வாயில் வழியே எளிதாக வெளியேறலாம்.