திசையன்விளைப் பக்கம் 5 ஏக்கரிலும் எலுமிச்சை போடலாமா?

5 ஏக்கர் செம்மண், ஒரே ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), முழுக்க எலுமிச்சை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலுமிச்சை போடுங்கள், ஆனால் 5 ஏக்கரிலும் வேண்டாம்; மிச்சத்தில் பெருநெல்லி வையுங்கள்.

உளுந்து, நெல் என்றால் மழை பொய்த்த வருஷம் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிடலாம். மரத்தை அப்படி விட முடியாது. ஒரு கோடையில் பட்டுப்போனால் ஐந்தாறு வருஷப் பாடு போச்சு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் எல்லாம். அது தவறினால் அடுத்த ஐப்பசி வரை போர் தாங்குமா? 20 அடிக்கு 20 அடி நட்டால் ஏக்கருக்கு 108 மரம். மரத்துக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வைத்தாலே 5 ஏக்கருக்கு 27,000 லிட்டர். லாரித் தண்ணீர் ஊற்றித் தோப்பைக் காப்பாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம், காய் விற்ற காசு லாரிக்கே போனது.

எலுமிச்சையில் இன்னொரு சிக்கல். புளியங்குடிச் சந்தையில் விலை ஏறுவது கோடையில்தான். பூ காயாக ஐந்தாறு மாதம் ஆகும் என்பதால், சித்திரையில் பறிக்க ஐப்பசி, கார்த்திகையில் பூக்க வேண்டும். மரத்தை வாடவிட்டு அப்புறம் தண்ணீர் பாய்ச்சினால் மொத்தமாகப் பூக்கும்; அந்த மாதங்களில் மழை பெய்வதால் வாடவிட வழியில்லை. தப்பிப் பூத்தாலும், காய் திரளும் மாசி, பங்குனியில்தான் போரில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும்.

பெருநெல்லி அப்படியில்லை. வேர் ஆழமாகப் போகும், கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத் தாக்குப்பிடிக்கும், ஓரளவு உப்புத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும். ஒரே ரகமாக வைத்தால் காய்ப்பு குறையும், என்.ஏ.7, காஞ்சன், கிருஷ்ணா என்று ஒட்டுக்கன்றுகளைக் கலந்து நடுங்கள். விலை எலுமிச்சை அளவுக்கு வராது, வாங்கும் ஆளை முன்னாலேயே பேசி வையுங்கள்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். மேற்கு எல்லையில் இருக்கிற பனைகளைத் தயவுசெய்து வெட்டாதீர்கள், இடைவெளியில் சவுக்கு வையுங்கள். கடலோரம் என்பதால் போர்த் தண்ணீரையும் கட்டாயம் சோதித்துவிடுங்கள், எலுமிச்சை உப்பு தாங்காது.

கன்றுக்குச் சொல்லும் முன், சித்திரைக் கடைசியில் ஒரு நாள் மோட்டாரை விடாமல் ஓட்டி எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை ஏக்கருக்குத்தான் காணும் என்றால் எலுமிச்சை அவ்வளவுதான். மிச்சத்தில் நெல்லி வையுங்கள்.