மலைநாட்டு ஆஸ்பத்திரிக் கட்டடங்கள்: யார் பொறுப்பு, யாரிடம் கேட்பது? (கேள்வி பதில்)

வணக்கம். மாகாண சுகாதாரத் துறையின் கட்டட வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூரை, சுவர், கான், மதிப்பீடு, ஒதுக்கீடு, கணக்காய்வு பற்றிக் கேளுங்கள். மருந்துத் தட்டுப்பாடும் டொக்டர்மாரின் இடமாற்றமும் என் துறை இல்லை.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் ஊர் வைத்தியசாலையில் பெண்கள் வாட்டு ஒழுகுகிறது. கொழும்புக்கு எழுதினோம், கண்டிக்கு அனுப்பியதாகப் பதில் வந்தது. கண்டியிலிருந்து பதிலே இல்லை. யார்தான் பொறுப்பு சேர்?

கொழும்புக்கு எழுதியதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது, டீச்சர். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசாங்க வைத்தியசாலைகளுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை மாதிரிப் பெரியவை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும் மாகாணத்தின் கீழ். ஆதார வைத்தியசாலை என்றால் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும், பெரும்பாலானவை மாகாணத்துடையவை.

உங்களுடையது பிரதேச வைத்தியசாலை என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டடத்தில் ஒரு குறை என்றால் முதலில் பொறுப்பு வைத்திய அதிகாரி எழுத வேண்டும். அது பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் போகும். அங்கிருந்து ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து மதிப்பீடு போடுவார். சின்ன வேலை அங்கேயே முடியும். பெரியதென்றால் மாகாணப் பணிப்பாளருக்கும் மாகாணப் பொறியியல் திணைக்களத்துக்கும் போகும். இந்தச் சங்கிலியில் முதல் கடிதம் இல்லையென்றால் மேலே யாருக்கும் விஷயம் தெரிந்ததாகக் கணக்கே இல்லை. அதனால் பொறுப்பு வைத்திய அதிகாரியிடம், "இந்தக் கூரை பற்றி எந்தத் திகதியில் எழுதினீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதவில்லை என்றால் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவைக் கொண்டு எழுத வையுங்கள். எழுதியிருந்தால் அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டு பிராந்தியப் பணிப்பாளருக்கு நீங்கள் எழுதுங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: ஒவ்வொரு வருசமும் சீலிங் மாற்றி, பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்த மழைக்கே கறுத்துப் போகிறது. ஏன் ஐயா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். சீலிங் கறுப்பது நோய் இல்லை தம்பி, நோயின் அடையாளம். மலைநாட்டில் கட்டடத்தைக் கொல்வது தண்ணீர்.

அடுத்த பெரிய மழைக்குக் குடையோடு வெளியே போய் அந்த வாட்டின் கூரை ஓரத்தை நிமிர்ந்து பாருங்கள். பீலி வழியாகப் போக வேண்டிய தண்ணீர் பீலியின் முன் விளிம்பால் வழிந்தால் உள்ளே அடைப்பு இருக்கிறது. யூகலிப்டஸ் இலையும் பாசியும் சேர்ந்து களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் சின்னச் செடிகூட முளைத்திருக்கும். முன்னால் வழிவது கண்ணுக்குத் தெரியும். பின்னால் வழிவதுதான் ஆபத்து. அது சீட்டின் அடியால் ஏறி, கைமரத்தின் நுனியை நனைத்து, சுவரின் உள்பக்கமாக இறங்கும். சீலிங் பலகை அதைக் குடித்து ஊதும். கைமரம் உக்கத் தொடங்கும். நீங்கள் பார்க்கிற கறுப்பு வட்டம் அதன் கடைசிக் கட்டம்.

அப்புறம் கட்டடத்தின் மேட்டுப் பக்கம் போங்கள். மலையை வெட்டிக் கட்டிய கட்டடம் எதற்கும் பின்னால் ஒரு கான் இருக்கும். மண் விழுந்து அது மூடியிருந்தால் மலைத் தண்ணீர் முழுவதும் அத்திவாரத்துக்குத்தான் போகும். சுவரின் அடியில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, பூச்சு பொருக்குத் தட்டியிருந்தால் அது கூரைத் தண்ணீர் இல்லை, இந்தக் கான் தண்ணீர். தோட்டத்தில் கான் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாங்கள்; எங்களுக்கு யாரும் இதைப் படிப்பிக்க வேண்டியதில்லை.

பீலியையும் கானையும் வருசத்தில் இரண்டு முறை, தென்மேற்குப் பருவத்துக்கு முன்னும் ஒக்டோபர் மழைக்கு முன்னும் துப்புரவு செய்தால் போதும். அதற்கு இரண்டு ஆள் கூலி. சீலிங் மாற்றுகிற காசில் பல வருசத்துக்குச் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. சிரமதானம் என்று பிள்ளைகளைக் கூரையில் ஏற்றாதீர்கள். பழைய கூரைகள் அஸ்பெஸ்டஸ் சீட். காய்ந்த பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டினால் பறக்கிற தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அந்த நோய் பல வருசம் கழித்துத்தான் தெரியவரும். நோயாளிகள் படுத்திருக்கிற வாட்டுக்கு மேலே அதைச் செய்யவே கூடாது. நனைக்காமல் உடைக்கக் கூடாது, துளைக்கக் கூடாது, அரியக் கூடாது.

புசல்லாவையிலிருந்து: பராமரிப்புக்கு எவ்வளவு காசு ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். மூன்று இலக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் செலவு வகைப்படுத்தலில் 1303 என்பது கட்டடப் பராமரிப்பு, மீண்டெழும் செலவு, அதாவது வருசா வருசம் வருகிற செலவு. 2001 என்பது கட்டடப் புனரமைப்பு. 2104 என்பது புதுக் கட்டடம். பீலி, கான், உடைந்த கண்ணாடி, ஒழுகுகிற குழாய் எல்லாம் 1303. அடிக்கல்லும் ரிப்பனும் 2104. காசு நெருக்கடி என்றால் முதலில் கை வைப்பது 1303இல்தான், ஏனென்றால் அதை வெட்டினால் அன்றைக்கு ஒன்றும் இடிந்து விழாது. ஐந்து வருசம் கழித்து அதே கட்டடத்துக்கு 2001இல் பல மடங்கு கேட்பார்கள். "எங்கள் வைத்தியசாலைக்குக் கடந்த மூன்று வருசமும் 1303இல் ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு" என்று கேளுங்கள். வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு வெளிச்சம் தராது.

இன்னொன்று: செலவழிக்காத ஒதுக்கீடு டிசம்பர் 31ஆம் திகதி காலாவதியாகும். நவம்பரில் போய்க் கேட்டால் அவசர அவசரமாகப் பெயின்ட் அடிப்பார்கள். மழைக்குள் அடித்த பெயின்ட் நிற்காது. அடுத்த வருசத்துக்கான மதிப்பீட்டு வேலை வருசத்தின் நடுப்பகுதியில் நடக்கும். அதற்கு முன்பே உங்கள் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து: எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி பழைய கட்டடம். கூரை எப்போது விழும் என்று தெரியாது. கம்பனி "அரசாங்கம் பார்க்கும்" என்கிறது. சுகாதாரத் துறை "எங்கள் பட்டியலில் இல்லை" என்கிறது.

இரண்டு பக்கத்துக்கும் கையில் ஒரு காகிதம் இருப்பதுதான் கொடுமை. வெள்ளைக்காரன் காலத்தில் 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து வைத்தியத்தைத் தோட்டங்களின் தலையில் வைத்தது. எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகை. சுகாதார, நலன்புரி வேலைக்கு அதே வருசம் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வந்தது. பிறகு தோட்ட ஆஸ்பத்திரிகளை ஒவ்வொன்றாக அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. சில முழுமையாகக் கைமாறின. சிலவற்றில் டொக்டர் வந்தார், மருந்து வந்தது, ஆனால் கட்டடமும் காணியும் எழுத்தில் கைமாறவில்லை.

அப்படிப்பட்ட கட்டடத்தில் மாகாணப் பணத்தில் ஒரு தகரம் மாற்றினாலும் "உங்களுக்குச் சொந்தமில்லாத சொத்தில் ஏன் செலவு?" என்று கணக்காய்வு வினா வரும். நல்ல அதிகாரிகூட அதனால்தான் கையெழுத்துப் போடத் தயங்குகிறார். ஆகவே கூரையைப் பற்றிக் கேட்பதற்கு முன் கைமாற்ற ஆவணத்தைக் கேளுங்கள்: காணி அளந்து, எல்லை போட்டு, கையளித்த கடிதம் இருக்கிறதா?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தொழிற்சங்கத்துக்காரர்: ஐயா, நீங்கள் கம்பனியைத் தப்ப விடுகிறீர்கள். எங்கள் ஆட்களின் உழைப்பில்தான் அந்த ஆஸ்பத்திரி கட்டப்பட்டது. குத்தகை எடுத்தவன் கட்டடத்தைப் பார்க்க வேண்டாமா?

பார்க்க வேண்டும். கைமாறாத நாள் வரைக்கும் அது குத்தகைக்காரர் கையில் இருக்கிற சொத்து. ஆட்கள் நடமாடுகிற கட்டடம் விழாமல் பார்ப்பது அவருடைய கடமை. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. நான் சொல்வது வேறு. இருவரையும் ஒரே மேசையில் வைத்து "இன்ன திகதி வரை நீ, அதன் பிறகு நீ" என்று எழுதி வாங்காமல் கம்பனியை மட்டும் பிடித்தால், வழக்கு நடக்கிற காலமெல்லாம் தாய்மார் அந்தக் கூரையின் கீழேதான் கிளினிக்குக்குக் காத்திருப்பார்கள்.

லிந்துலையிலிருந்து: இந்த இழுபறியே வேண்டாம். எல்லாவற்றையும் மத்திக்கு எடுக்கச் சொல்லுங்கள். கிளங்கன் ஆஸ்பத்திரியைப் பாருங்கள், எப்படி வந்தது!

டிக்கோயா கிளங்கனில் 150 கட்டில்களோடு நிற்கிற கட்டடம் இந்திய அரசின் உதவியில் கட்டியது. 2017 மே 12இல் பிரதமர் மோடி வந்து திறந்தார். எங்கள் சனத்துக்குப் பெரிய வரம் அது. ஆனால் கட்டிக் கொடுப்பது வேறு, காப்பாற்றுவது வேறு. நன்கொடையில் வந்த கட்டடத்துக்கும் அடுத்த நாளிலிருந்து 1303 வேண்டும். மத்தியின் கீழ் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் லிப்ட் நிற்கிறது, சீலிங் விழுகிறது.

லிந்துலை அன்பர் மீண்டும்: மாகாணத்தில் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒரு உறுப்பினர்கூட இல்லையே!

அது நியாயமான அடி. மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக 2013இலும் ஊவாவுக்கு 2014இலும்தான் தேர்தல் நடந்தது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தது. அதன் பின் ஆளுநரும் அதிகாரிகளும்தான். முன்பு ஒரு உறுப்பினர் சபையில் எழுந்து "அந்த வாட்டு ஏன் ஒழுகுகிறது?" என்று கேட்டால் செயலாளர் பதில் சொல்லியாக வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து தேர்தல் கேட்பது. ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியின் பீலிக்கு கொழும்பில் கோப்புத் திறந்தால் என்ன ஆகும் என்று ஹட்டன் டீச்சர் முதல் கேள்வியிலேயே சொல்லிவிட்டார்.

பொகவந்தலாவை அன்பர்: நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி அண்ணே. கைமாற்றக் கடிதத்தைத் தேடுங்கள், கிடைத்ததும் பேசுவோம்.

இராகலையிலிருந்து: எங்கள் ஆஸ்பத்திரி ஒழுகுகிறது, யாருக்கு எழுதுவது?

முதல் பதில்.

வெலிமடையிலிருந்து: புதுத் தரைஓடு ஆறு மாதத்தில் கிளம்பிவிட்டது. கொந்தராத்துக்காரர் போனை எடுப்பதில்லை.

அவர் எடுக்காவிட்டாலும் அவருடைய காசில் ஒரு பகுதி அரசாங்கத்திடம் இருக்கும். ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு, பெரும்பாலும் ஒரு வருசம். அதுவரை தடுத்து வைத்த பணத்தை முழுவதும் விடுவிக்க மாட்டார்கள். வேலையைப் பாரம் எடுத்த திகதியைக் கண்டுபிடித்து, காலம் முடிவதற்கு முன் குறைகளைப் படத்தோடு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். காலம் முடிந்து பணமும் போய்விட்டால் திரும்பவும் 1303தான்.

பண்டாரவளையிலிருந்து: எங்கள் டொக்டரை மாற்றுகிறார்கள், தடுக்க வழி உண்டா?

பிராந்தியப் பணிப்பாளரிடம் கேளுங்கள். இங்கே வேண்டாம்.

கொஸ்லாந்தைப் பக்கத்திலிருந்து: ஆஸ்பத்திரியின் பின் தரையில் நீளமாக ஒரு வெடிப்பு. சீமெந்து போட்டு மூடினார்கள். மழைக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டது.

இதை எல்லாருமே வாசியுங்கள். மூடிய வெடிப்பு திரும்பவும் திறந்தால் அது சீமெந்து வேலை இல்லை. நிலம் நகருகிறதா என்று பார்க்க வேண்டிய வேலை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாடு முழுவதும் மீண்டும் காட்டியது. கதவு திடீரென்று இறுகுவது, மரமும் கம்பமும் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது, தாங்கு சுவரின் துளைகளில் தண்ணீர் வராமல் சுவர் வயிறு தள்ளுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களின் அறிக்கை கையில் இருந்தால் எந்த அதிகாரியும் "காசில்லை" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். வாட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அதனால் 100இலேயே நகர்த்தத் தொடங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அந்த வெடிப்பின் இரு கரையிலும் இன்றைக்கே ஆணியடித்து இடைவெளியை அளந்து திகதியோடு எழுதி வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: கணக்காய்வாளர் நாயகம் இதையெல்லாம் பார்ப்பதில்லையா?

பார்க்கிறார். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அவருக்கு நல்ல பலம் கொடுத்தது. அறிக்கைகள் பாராளுமன்றத்துக்குப் போகின்றன. அமைச்சுச் செயலாளர்களைக் கோபா குழு, அதாவது பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு, கூப்பிட்டு விசாரிக்கிறது. ஆனால் கணக்காய்வு வருவது காசு செலவான பிறகு. செலவே செய்யாமல் உக்கவிட்ட கூரை சுலபத்தில் அதன் கண்ணில் படாது.

நானுஓயாவிலிருந்து: எங்கள் வாட்டு ஒழுகுகிறது, யாரிடம்...

முதல் பதிலும் இரண்டாவது பதிலும். தயவுசெய்து மேலே வாசித்துவிட்டுக் கேளுங்கள், கை வலிக்கிறது. பீலியைப் பார்த்தீர்களா?

ஒரு தாதி, ஊர் வேண்டாம்: நான் எழுதினால் இடமாற்றம் செய்துவிடுவார்கள் என்று பயம்.

நீங்கள் எழுத வேண்டாம் தங்கச்சி. உங்கள் கடமை, குறையை வாட்டுப் பதிவேட்டில் திகதியோடு குறிப்பது. அதற்கு யாரும் உங்களைத் தொட முடியாது. மிச்சத்தை ஊர்க்காரர்கள் செய்யட்டும்.

மாத்தளையிலிருந்து: தகவல் அறியும் விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாமா? கட்டணம் எவ்வளவு? மாதிரி ஒன்று தருவீர்களா?

தமிழில் தாராளமாக எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதி எடுக்க மட்டும் சிறு தொகை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனையின் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதுங்கள்:

"… பிரதேச வைத்தியசாலைக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் செலவு இலக்கம் 1303, 2001 ஆகியவற்றின் கீழ் ஒதுக்கிய தொகை, செலவழித்த தொகை, செய்த வேலைகளின் பட்டியல், கட்டடக் குறைகள் பற்றிப் பொறுப்பு வைத்திய அதிகாரி அனுப்பிய கடிதங்களின் பிரதிகள், பீலிகளும் கான்களும் கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்ட திகதி."

கையால் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்.